நுழைவாயிலும் சல்லடையும்: இந்தியக் கல்லூரிகளில் முதலாண்டுக் கணிதம் கடந்துவந்த பாதை

(சற்று நீண்ட பதிவு. கணிதம் பயிலும் மாணவர்களும் பயிற்றுவிப்போரும் நேரம் கிடைக்கும்போது முழுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.)

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் மாதம் முதலாண்டு மாணவர்கள் பாடங்களைத் தெரிவுசெய்யும் காலம். ஆய்வு மாணவர்களை உதவி மேசைகளில் அமர்த்துவார்கள். ஈராண்டுகளுக்கு முன் அவ்வாறு நான் அமர்ந்திருந்தபோது, பீகாரின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்திருந்த மாணவி ஒருவர் படிவத்தோடு வந்தார். இயற்பியலை முதன்மைப் பாடமாக எடுத்திருந்தார். மனமோ கணிதத்தின் பக்கமும் சாய்ந்திருந்தது. அவர் முன்னே இரண்டு கணிதத் தாள்கள் இருந்தன. ஒன்று, கணித மாணவர்களோடு சேர்ந்து பயிலும் மெய்யெண் பகுப்பாய்வு, நிறுவல்கள் நிறைந்தது. மற்றொன்று, பிற துறையினருக்கென அமைக்கப்பட்ட நுண்கணிதம். பன்னிரண்டாம் வகுப்பில் பயின்றதன் தொடர்ச்சி போன்றது. “தீதி, எதை எடுத்தால் பின்னால் வழி அடைபடாது?” என்று இந்தியில் கேட்டார். முதற்பருவத்தில் மதிப்பெண் சரிந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் இரண்டாவதை எடுக்கச் சொன்னேன்.

ஓராண்டு கழித்து அவர் கணிதத்திற்கு மாற விரும்பினார். விதி இடமளித்தது. ஆனால் மூன்றாம் பருவத்துக் கணிதத் தாள்கள் யாவும் முதற்பருவப் பகுப்பாய்வை மாணவர் அறிந்திருப்பார் என்ற எடுகோளின்மீது அமைந்திருந்தன. அவரால் மாற இயலவில்லை.

நான் சொன்ன விடை தவறு. அது ஏன் தவறாயிற்று என்று எண்ணிப் பார்த்தபோது, அக்கேள்வியே இந்தியக் கல்லூரிகளுக்குப் புதியது என்பது புலப்பட்டது. காலனியக் காலப் பாடத்திட்டங்களின் வரலாறு எனது ஆய்வுப் பொருள். அதில் நான் கண்டவரை, கல்லூரியில் நுழையும் மாணவர் எந்தக் கணிதத்தை முதலில் பயில வேண்டும் என்பதை இங்கே ஒருபோதும் மாணவர் தீர்மானித்ததில்லை, பல்கலைக்கழகம் தீர்மானித்தது. அத்தீர்மானங்களின் வரலாற்றை அறிந்துகொள்வது, இன்று திடீரென நம் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கும் தெரிவைச் சரிவரச் செய்ய உதவும் என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

1. எது முதலில்? தில்லிக் கல்லூரியின் விடை

பல்கலைக்கழகங்கள் தோன்றுமுன்பே இக்கேள்வியை எழுப்பியவர் ஒருவர் உண்டு. 1821இல் பிறந்த மாஸ்டர் ராம்சந்திரா, தில்லிக் கல்லூரியில் உருது வழியாகக் கணிதமும் அறிவியலும் கற்பித்தவர். 1850இல் பெருமம், சிறுமம் குறித்த கணக்குகளை இயற்கணிதத்தால் தீர்க்கும் நூல் ஒன்றைத் தம் சொந்தச் செலவில் கல்கத்தாவில் அச்சிட்டார். வகை நுண்கணிதம் கொண்டு தீர்க்கப்படும் கணக்குகளை, அதன் துணையின்றியே தீர்ப்பது அவருடைய நோக்கம்.

அம்முறையை எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். 10 என்ற எண்ணை இரு பகுதிகளாகப் பிரித்து, அவற்றின் பெருக்கற்பலன் மிகப் பெரியதாக இருக்குமாறு செய்ய வேண்டும். ஒரு பகுதி ‘அ’ எனில் மற்றது 10 − அ. பெருக்கற்பலனை ‘ப’ என்போம். எனவே அ² − 10அ + ப = 0. இவ்விருபடிச் சமன்பாட்டிற்கு மெய்யான தீர்வு இருக்க வேண்டுமானால் 100 − 4ப என்பது சுழியத்தினும் குறையலாகாது. ஆகவே ‘ப’ 25ஐத் தாண்டாது. அப்போது இரு பகுதிகளும் 5, 5. எல்லை, வகைக்கெழு என எதுவும் இங்கே தேவைப்படவில்லை. பள்ளி இயற்கணிதம் அறிந்த எவருக்கும் ஒவ்வோர் அடியும் ஏன் சரி என்பது விளங்கும்.

இந்நூல் லண்டனில் கணிதப் பேராசிரியராயிருந்த அகஸ்டஸ் டி மார்கனின் கைக்குச் சென்றது. அவர் மேற்பார்வையில், அவருடைய நீண்ட முன்னுரையோடு, 1859இல் லண்டனில் மறுபதிப்பாயிற்று. பாஸ்கரரின் பீஜகணித மரபை உடைய ஒரு நாட்டில், மாணவர் ஏற்கெனவே காலூன்றி நிற்கும் இடத்திலிருந்து உயர்கணிதத்திற்குப் பாதை அமைக்க வேண்டும் என்பது டி மார்கன் இந்நூலில் கண்ட பயன். இந்தியர்களைப் பற்றிய அவருடைய பொதுமைப்படுத்தல்களில் காலனியக் காலத்தின் முத்திரை இருக்கிறது. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ராம்சந்திராவின் வினா இன்றும் உயிரோடிருக்கிறது: முதலாண்டு மாணவருக்குத் தரவேண்டியது வேகமாக விடை தரும் கருவியா, அல்லது ஒவ்வோர் அடிக்கும் காரணம் விளங்கும் பாதையா?

அவ்வினாவிற்கு விடை தேட வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1857இன் எழுச்சியில் தில்லிக் கல்லூரி சிதைந்தது. ராம்சந்திரா உயிர் தப்பினார். அதே ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் பிறந்தன. அவை வேறொரு விடையோடு வந்தன.

2. சல்லடையின் காலம்

மூன்று பல்கலைக்கழகங்களும் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. தொடக்கத்தில் அவை கற்பிக்கும் நிறுவனங்கள் அல்ல. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகள். கற்பித்தல் இணைப்புக் கல்லூரிகளின் வேலையாயிற்று. இதனால் பாடத்திட்டம் என்பது தேர்வுத்தாளின் நிழலாகவே அமைந்தது. 1858இல் கல்கத்தாவில் நடந்த முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர் இருவரே: பங்கிம்சந்திர சட்டோபாத்யாயர், ஜதுநாத் போஸ். சல்லடையின் கண் எவ்வளவு சிறியது என்பதற்கு இதுவே சான்று.

விரைவில் பி.ஏ.வுக்கு முன் இடைப்படியாக எஃப்.ஏ. என்னும் தேர்வு வந்தது. கல்லூரியின் முதல் ஈராண்டு என்பது இதற்கான ஆயத்தமே. ஆங்கிலம், இரண்டாம் மொழி, வரலாறு முதலியவற்றோடு கணிதமும் அனைவருக்கும் கட்டாயம். யூக்ளிடின் வடிவியல், இயற்கணிதம், முக்கோணவியல் ஆகியவை அதன் உள்ளடக்கம். டாட்ஹன்டர், பின்னர் ஹால்-நைட், லோனி ஆகியோரின் நூல்கள் அதன் துணைகள். ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியே தேற வேண்டும். ஒன்றில் தவறினாலும் எல்லாவற்றிலும் தவறியதாகவே பொருள்.

இந்த ஏற்பாட்டின் விளைவைக் காட்ட இராமானுசனின் கதையைச் சொல்வது வழக்கம். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். பிற பாடங்களைப் புறக்கணித்ததால் அதனை இழந்தார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், 1907இல் எஃப்.ஏ. தேர்வு எழுதினார், கணிதத்தில் தேறினார், மற்றவற்றில் தேறவில்லை. பட்டப்படிப்பின் கதவு அத்துடன் அடைபட்டது.

ஆனால் இக்கதையைத் தனியே சொன்னால் பாதி உண்மையே கிடைக்கும். மறுபாதி வடக்கே இருக்கிறது. இராமானுசனுக்கு ஏழாண்டு மூத்தவரான பிரேம்சந்த், காசியில் கல்லூரிக் கல்வியை நாடியபோது அவருக்குத் தடையாக நின்றது கணிதம். கணிதத்தில் இருந்த பலவீனத்தால் மத்திய இந்துக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. இன்டர்மீடியட் தேர்வில் கணிதத்தாலேயே இருமுறை தவறித் தேர்வெழுதுவதையே கைவிட்டதாகவும், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கணிதம் விருப்பப் பாடமாக மாறியபோது எளிதில் தேறியதாகவும் தம் தன்வரலாற்றுக் கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். பின்னர் 1919இல் பி.ஏ. பட்டமும் பெற்றார்.

கணிதம் மட்டுமே வேண்டும் என்றவரைப் பிற பாடங்கள் தடுத்தன. கணிதம் இயலாது என்றவரைக் கணிதம் தடுத்தது. இருவரையும் தடுத்தது ஒரே விதி. அது இராமானுசனின் மேதைமையை அடையாளம் காணத் தவறியது என்று சொல்வதைவிட, எவருடைய நாட்டத்தையும் அடையாளம் காண்பது அதன் வேலையாகவே இருந்ததில்லை என்று சொல்வது பொருத்தம். அரசுப் பணிக்கும் வழக்கறிஞர் தொழிலுக்கும் தகுதியானோரைப் பிரித்தெடுப்பதே அதன் பணி. கணிதம் அங்கே ஓர் அறிவுத்துறையாக இல்லை. சல்லடையின் ஒரு கண்ணாக இருந்தது.

இவ்வமைப்பினுள்ளும் சிலர் வழி கண்டனர் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஆசுதோஷ் முகர்ஜி 1880இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் சேர்ந்தவர். முதலாண்டு மாணவராயிருக்கும்போதே யூக்ளிடின் முதல் நூலிலுள்ள 25ஆம் தேற்றத்திற்குப் புதிய நிறுவல் ஒன்றை எழுதி, இங்கிலாந்தின் கணித இதழ் ஒன்றில் வெளியிட்டார். தேர்வுக்கு மனப்பாடம் செய்யப்பட்ட அதே யூக்ளிட், ஏன் என்று கேட்கத் தெரிந்தவருக்கு ஆய்வின் வாயிலாகத் திறந்தது. பாடப்பொருளைவிட அது பயிலப்படும் முறையே முக்கியம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

3. ஆனர்ஸ்: நிறுவல் நுழைந்த வழி

1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்தைத் தொடர்ந்து பல்கலைக்கழக விதிகள் திருத்தப்பட்டன. எஃப்.ஏ. மறைந்து, கலைக்கும் அறிவியலுக்குமான இன்டர்மீடியட் வகுப்புகள் வந்தன. கணிதம் விருப்பப் பாடமாயிற்று. 1906 முதல் 1914 வரை கல்கத்தாவின் துணைவேந்தராயிருந்த அதே ஆசுதோஷ் முகர்ஜி, பல்கலைக்கழகமே கற்பிக்கவும் ஆய்வு செய்யவும் வேண்டும் என்ற நிலையை உருவாக்கினார். 1908இல் கல்கத்தா கணிதக் கழகத்தையும் நிறுவினார். அதற்கு ஓராண்டு முன்னர், வி. இராமசுவாமி ஐயரின் முயற்சியால், பின்னாளில் இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்த அமைப்பு தோன்றியிருந்தது. அதன் நூலகம் பூனாவின் பெர்குசன் கல்லூரியில் இருந்தது. 1899இல் கேம்பிரிட்ஜின் கணித டிரைப்பாஸ் தேர்வில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட ஆர். பி. பராஞ்சபே அக்கல்லூரியின் முதல்வராயிருந்தார்.

இக்கட்டத்தில் லண்டனின் இடத்தைக் கேம்பிரிட்ஜ் பிடித்தது. ஆனர்ஸ் பட்டம் என்பது ஒரே துறையில் ஆழ்ந்து பயில்வது. ஆனால் எந்தக் கேம்பிரிட்ஜ் என்பது கேள்வி. பராஞ்சபே வென்ற பழைய டிரைப்பாஸ், கூம்பு வெட்டுகளிலும் நிலையியலிலும் இயக்கவியலிலும் தந்திரமான கணக்குகளை விரைந்து தீர்ப்போரின் பந்தயமாக இருந்தது. அதனைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் ஜி. எச். ஹார்டியும் ஒருவர். தர வரிசைப்படி பெயர் அறிவிக்கும் வழக்கம் அங்கே 1909உடன் முடிவுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஹார்டி வெளியிட்ட தூய கணித நூல், ஆற்றலுள்ள முதலாண்டு மாணவர்களையே முதன்மையாகக் கருதி எழுதப்பட்டது. எண் என்றால் என்ன, எல்லை என்றால் என்ன என்பவற்றைக் கண்டிப்பான வரையறைகளோடு முதலாண்டிலேயே தொடங்கலாம் என்பதை அது காட்டியது.

கேம்பிரிட்ஜ் மாறிய பின்னும் இந்திய வகுப்பறைகள் பெரும்பாலும் பழைய டிரைப்பாஸின் கணக்குகளையே தொடர்ந்தன. மாற்றம் தனிமனிதர்கள் வழியாக வந்தது. 1930இல் இருபத்து மூன்று வயதான ஆந்த்ரே வெய்ல், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். ஹார்டியிடம் பயின்ற தி. விஜயராகவனையும், ஹார்வர்டிலிருந்து திரும்பியிருந்த டி. டி. கோசாம்பியையும் அங்கே சேர்த்துக்கொண்டார். அம்முயற்சி 1932இல் அவர் வெளியேறியதோடு கலைந்தது. பிரான்சுக்குத் திரும்பிய வெய்ல், ஸ்திராஸ்பூர்க்கில் ஹென்றி கார்த்தானோடு சேர்ந்து, பகுப்பாய்வை மாணவர்களுக்கு எவ்வாறு கற்பிப்பது என்ற வாதத்தில் ஈடுபட்டார். 1934 இறுதியில் புர்பாக்கி குழு தோன்றியது அந்த வாதத்திலிருந்துதான். இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தின் முகத்தையே மாற்றிய ஒரு குழு, இளநிலைப் பாடநூல் ஒன்றை எழுதும் எண்ணத்தில் தொடங்கியது என்பதைப் பாடத்திட்டக் குழுக்களில் அமர்வோர் நினைவில் கொள்ளலாம்.

அந்தப் பிரெஞ்சுக் காற்றைத் தெற்கே கொண்டுவந்தவர், எலீ கார்த்தானிடம் ஆய்வு செய்த இயேசுசபைத் துறவி சார்லஸ் ரசீன். 1937இல் இந்தியா வந்த அவர், பின்னர் சென்னை லயோலாக் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்தார். புதிய கணித நூல்களை மாணவர்களுக்கு அறிமுகம் செய்வதும், ஆற்றலுள்ளோரை ஆய்வுக்கு அனுப்புவதும் அவர் வழக்கம். லயோலாவில் ஆனர்ஸ் பயின்ற எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்திரியும் 1953இல் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தனர். பிறகு நடந்தது கணித உலகம் அறிந்தது.

ஆனர்ஸ் முறையின் பலமும் பலவீனமும் ஒன்றே. நல்ல ஆசிரியர் வாய்த்த இடத்தில் அது ஆழத்தைத் தந்தது. ஆனால் சேரும் நாளிலேயே துறை முடிவாகிவிடும். பின் மாற வழியில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ‘மேஜர் என்ன?’ என்று கேட்கும் பழக்கம் இன்றும் உண்டு. அந்த ‘மேஜர்’ சேர்க்கைப் படிவத்தில் எழுதப்படுவது. ‘அலைடு’ எனப்படும் துணைப்பாடமோ துறை விதித்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் அச்சொல்லுக்கு வேறு பொருள். அங்கே மாணவர் ஓரிரு ஆண்டுகள் பலவற்றைப் பயின்ற பின்னர் முதன்மைப் பாடத்தை அறிவிக்கிறார். கோசாம்பி அம்முறையின் பயனை முழுதும் துய்த்தவர். கணிதத்திலேயே குவிந்து பயில வேண்டும் என்று பேராசிரியர் பர்க்காஃப் விரும்பியும், பல துறைத் தாள்களை எடுத்துப் பயின்று 1929இல் உயர் சிறப்புடன் பட்டம் பெற்றார். கணிதராகவும் நாணயவியலாளராகவும் வரலாற்றறிஞராகவும் அவர் பின்னாளில் விளங்கியதற்கு அந்தத் தெரிவுரிமையும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

4. பள்ளிக்கு இறங்கிய நுண்கணிதம்

விடுதலைக்குப் பின் இராதாகிருஷ்ணன் குழுவும் (1948–49) கோத்தாரி குழுவும் (1964–66) பட்டப்படிப்பின் கால அளவைச் சீரமைத்தன. பத்து, இரண்டு, மூன்று என்ற அமைப்பு 1970களில் பரவியது. இன்டர்மீடியட் வகுப்பின் பாடப்பொருள் பள்ளிக்கு இறங்கியது. அதனோடு வகையீடும் தொகையீடும் இறங்கின.

இதன் விளைவு நாம் எண்ணுவதைவிட ஆழமானது. கல்லூரி முதலாண்டின் மையப் பொருளாயிருந்த நுண்கணிதத்தை மாணவர் ஏற்கெனவே பயின்று வருகிறார். ஆனால் நுழைவுத்தேர்வுக்குரிய வடிவில் பயின்று வருகிறார். தொகையீட்டிற்கு நாற்பது உத்திகள் அறிந்தவர், எல்லையின் வரையறையை எழுதச் சொன்னால் திகைக்கிறார். பழைய டிரைப்பாஸின் வேகப் பந்தயம் கேம்பிரிட்ஜில் முடிந்து நூறாண்டு கடந்தும் நம் பயிற்சி மையங்களில் வாழ்கிறது. ஹால்-நைட், லோனி நூல்கள் இன்றும் அங்கே விற்கின்றன. கல்லூரியும் முதற்பருவத்தில் அதே நுண்கணிதத்தைச் சற்று விரித்துச் சொன்னால், கணிதம் என்பது கணக்குப் போடுவதே என்ற எண்ணம் மேலும் ஓராண்டு இறுகிவிடுகிறது.

இச்சிக்கலுக்குச் சில நிறுவனங்கள் இருவேறு விடைகளைத் தந்தன. முதல் விடை, தொடக்கத்திலிருந்தே ஆழம். 1959ஆம் ஆண்டின் சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இளநிலைப் புள்ளியியல் படிப்பைத் தொடங்கியது. 1989இல் சேஷாத்திரி உருவாக்கிய நிறுவனம், இன்றைய சென்னைக் கணிதவியல் நிறுவனம், 1998இல் இளநிலைப் படிப்பைத் தொடங்கியது. இவ்விடங்களில் முதற்பருவ மாணவர் நிறுவல்களோடுதான் நாளைத் தொடங்குகிறார். இரண்டாவது விடை, பொது அடித்தளம். 2006 முதல் தோன்றிய இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களும், 2011இல் தொடங்கிய பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் இளநிலைப் படிப்பும், உயிரியல் பயில விரும்புவோரையும் கணிதம் பயில விரும்புவோரையும் தொடக்கப் பருவங்களில் ஒரே வகுப்பில் அமர்த்தின. துறைத் தெரிவு பின்னர் வந்தது.

இவை சில நூறு மாணவர்களுக்கான விடைகள். நாட்டின் பல்லாயிரம் இணைப்புக் கல்லூரிகளின் மாணவர்களுக்கு வகுப்பறைக்கு வெளியேதான் மாற்று கிடைத்தது. 1993இல் எஸ். குமரேசன் தொடங்கி, தேசிய உயர்கணித வாரியத்தின் ஆதரவோடு நடந்துவரும் கோடைக்காலக் கணிதப் பயிற்சித் திட்டம் அவற்றுள் முதன்மையானது. சாதாரணக் கல்லூரிகளிலிருந்து வந்து, சில வாரங்களில் முதன்முறையாக ‘ஏன்?’ என்று கேட்கப்பட்ட மாணவர்கள் பலர் இன்று கணிதத் துறைகளில் பேராசிரியர்கள். முதலாண்டு வகுப்பு செய்யத் தவறியதைக் கோடை விடுமுறை செய்தது என்பது நமக்குப் பெருமையும் குறையும் ஒருங்கே.

5. மாணவர் கைக்கு வந்த தெரிவு

2015இல் பல்கலைக்கழக மானியக் குழு விருப்பத் தெரிவு முறைக்கான மாதிரிப் பாடத்திட்டங்களை வெளியிட்டது. கணித ஆனர்ஸின் முதற்பருவத்திற்கு நுண்கணிதமும் இயற்கணிதமும், இரண்டாம் பருவத்திற்கு மெய்யெண் பகுப்பாய்வும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் என்று அது வரிசைப்படுத்தியது. பெயரில் தெரிவு இருந்தபோதும் மையத் தாள்களின் வரிசை நிலையானது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 2022 டிசம்பரில் வந்த கட்டமைப்பு இதனினும் விரிவானது. மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 கிரெடிட். நான்காண்டு ஆனர்ஸுக்கு 160. அவற்றுள் முதன்மைப் பாடத்திற்கு முறையே 60, 80. எஞ்சியவை துணைப்பாடம், பல்துறைத் தாள், திறன் தாள் எனப் பிரிகின்றன. இரண்டாம் பருவ முடிவில் முதன்மைப் பாடத்தை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு.

அமெரிக்கப் பொருளிலான ‘மேஜர்’ இவ்வாறு இந்தியாவிற்கு வந்துவிட்டது. ஆனால் அம்முறையை அங்கே தாங்கி நிற்கும் இரண்டு தூண்களும் உடன் வரவில்லை. ஒன்று, மாணவர் ஒவ்வொருவரையும் அறிந்து வழிகாட்டும் ஆசிரியர். மற்றொன்று, முதற்பருவத்தில் தவறவிட்ட தாளை மூன்றாம் பருவத்தில் எடுக்க முடியும் வகையில் எல்லாப் பருவங்களிலும் அதனை நடத்தும் வசதி. இவ்விரண்டும் இல்லாதபோது, மாற்றிக்கொள்ளும் உரிமை தாளில் மட்டுமே இருக்கும். குடும்பத்தில் பேராசிரியரோ பொறியாளரோ உள்ள மாணவர், எந்தத் தாளை எடுக்க வேண்டும் என்று வீட்டில் கேட்டறிகிறார். முதல் தலைமுறைப் பட்டதாரியாகப் போகிறவர், உதவி மேசையில் அமர்ந்திருக்கும் என்னைப் போன்ற ஒருவரை நம்புகிறார். பழைய சல்லடை எல்லோரையும் ஒரே கண்ணால் சலித்தது. புதியது, சலிப்பதாகத் தெரியாமலே சலிக்கிறது.

வரலாற்றிலிருந்து நான் கற்றவற்றை, இவ்வாண்டு படிவம் நிரப்பப்போகும் மாணவர்களுக்காகச் சுருக்கித் தருகிறேன்.

முதலாவது, தாளின் தலைப்பை விட்டு அதன் வினாத்தாளைப் பாருங்கள். ‘கணக்கிடுக’ என்றே எல்லா வினாக்களும் தொடங்கினால், அது நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் பயின்றதன் நீட்சி. ‘நிறுவுக’ என்று தொடங்குபவை கணிசமாக இருந்தால், அங்கேதான் கல்லூரிக் கணிதம் தொடங்குகிறது. கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுக்கும் எண்ணம் சிறிதளவேனும் உள்ளவர், முதல் இரு பருவங்களுக்குள் அத்தகைய தாள் ஒன்றையேனும் எடுத்துவிட வேண்டும். அது பிடித்திருக்கிறதா என்பதே மாற்றத்தைத் தீர்மானிக்கும் உண்மையான சோதனை. தொகையீட்டில் பெற்ற மதிப்பெண் அன்று.

இரண்டாவது, சங்கிலியைப் பின்னிருந்து எண்ணுங்கள். ஆறாம் பருவத்தில் நீங்கள் பயில விரும்பும் தாள் எது, அதற்கு முன் எது தேவை, அதற்கும் முன் எது என்று பின்னோக்கிச் செல்லுங்கள். இடவியலுக்கும் அளவையியலுக்கும் மெய்யெண் பகுப்பாய்வு தேவை. நுண்புல இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், புள்ளியியல், கணினியியல், குவாண்டம் இயக்கவியல் ஆகிய அனைத்தும் நேரியல் இயற்கணிதத்தின் வாசல் வழியாகவே செல்கின்றன. துறை எதுவென்று முடிவாகாதவருக்கு மிகுதியான கதவுகளைத் திறந்து வைப்பது நேரியல் இயற்கணிதம். கணிதத்திற்குத் திரும்பும் கதவைத் திறந்து வைப்பது பகுப்பாய்வு.

மூன்றாவது, எளிய தாளை எடுப்பதில் இழிவில்லை. பொருளியலோ வேதியியலோ உறுதியாகப் பயிலப் போகிறவருக்குப் பயன்பாட்டு நுண்கணிதமே உகந்ததாக இருக்கலாம். பிரேம்சந்தை நினைவிற் கொள்க. எவரையும் வேண்டாத கணிதத்தில் கட்டிப்போடுவதால் பயனில்லை. ஆனால் அந்தத் தெரிவு எந்தக் கதவை மூடுகிறது என்பதை அறிந்து செய்யப்பட வேண்டும். அறியாமல் செய்யப்படும் தெரிவு தெரிவாகாது.

ஆசிரியர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடத்திட்டத்தோடு, எந்தத் தாள் எதற்கு முன்தேவை என்பதைக் காட்டும் ஒரே ஒரு பக்க வரைபடத்தை மாணவரின் மொழியில் ஒட்டி வையுங்கள். இதற்கு மானியமோ குழுவோ தேவையில்லை. முதற்பருவப் பகுப்பாய்வை இரண்டாம் முறை நடத்த ஆசிரியர் இல்லையெனில், கோடை விடுமுறையில் நான்கு வார இணைப்பு வகுப்பு ஒன்றை ஆய்வு மாணவர்களைக் கொண்டே நடத்தலாம். கோடைப் பயிற்சி என்ன செய்யும் என்பதற்கு முப்பதாண்டுச் சான்று நம்மிடம் இருக்கிறது.

அந்த மாணவி இப்போது இயற்பியலில் தொடர்கிறார். நன்றாகவே பயில்கிறார். சென்ற மாதம் நூலகத்தில் என்னைக் கண்டபோது, பகுப்பாய்வைத் தாமே படிக்கத் தொடங்கியிருப்பதாகச் சொல்லி, ஓர் ஐயத்தைக் கேட்டார்: ஏறிக்கொண்டே சென்று, ஓர் எல்லையைத் தாண்டாத எண்தொடர் ஏன் ஓர் எண்ணை நெருங்கியே ஆக வேண்டும்? இருவரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். முதற்பருவத்தில் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இவ்வாண்டும் உதவி மேசையில் அமரச் சொல்லியிருக்கிறார்கள். இம்முறை முன்தேவை வரைபடத்தோடு அமர்கிறேன்.

உங்கள் கல்லூரியில் முதலாண்டுக் கணிதத் தாள்களை யார், எவ்வாறு தெரிவுசெய்கிறார்கள்? பழைய இன்டர்மீடியட், புகுமுக வகுப்புக் காலத்து நினைவுகள் உள்ள மூத்த பேராசிரியர்கள் தங்கள் அனுபவத்தையும், அக்காலப் பாடத்திட்ட ஏடுகள் கைவசமிருந்தால் அவற்றையும் பகிர்ந்தால் ஆய்வுக்குப் பேருதவியாக இருக்கும்.